ரிலீவர் வராத வாத்துகள்

அந்த வருஷம் பங்குனி பாதி தாண்டியும் நெல்லிமேட்டு ஏரியிலிருந்து ஒரு ஊசிவால் வாத்துகூட வடக்கே கிளம்பவில்லை. ரிலீவர், அதாவது இடத்தை மாற்றிவிட வேண்டிய அடுத்த ஷிப்ட் ஆள், வராததுதான் காரணம். தப்பு ஏரிக் காவலர் சசிகலாவுடையது. ஒரகடத்தில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒன்பது வருஷம் லைனில் நின்றவள் அவள். கான்ட்ராக்ட் முடிந்து வனத்துறையில் தினக்கூலிக்குச் சேர்ந்ததும் வாத்துகளை எண்ணச் சொன்னார்கள். எண்ண எண்ண இடம் மாறுகிற கூட்டத்தோடு எத்தனை நாள் மல்லுக்கட்டுவது? கார்த்திகையில் ஏரிக்குள் தொண்ணூற்று நாலு கம்புகளை நட்டு, லைனில் ஆள் நிற்கும் இடத்துக்கு எழுதுவதுபோல ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதினாள். மறுநாள் காலை ஏரிக்குப் பக்கத்திலிருந்த அதே கம்பெனியில் ஆறு மணிச் சங்கு ஊதியதும் கம்புக்கு ஒன்றாக வாத்துகள் வந்து நின்றன. வருஷா வருஷம் அதே சங்கைக் கேட்டு வந்து போகிற பறவைகளுக்கு ஷிப்ட் புதிதில்லை. எண்ணுவது சுலபமானதில் அதிகாரிகளுக்கும் சந்தோஷம்.

மாசி போய் வெயில் ஏறியது. மற்ற ஏரிகளின் வாத்துகள் தலைக்கு மேலே கூட்டம் கூட்டமாக வடக்கே போயின. இவை கழுத்தை நீட்டி அவற்றைப் பார்த்தன, பிறகு கரையைத் திரும்பிப் பார்த்தன, நின்ற இடத்திலேயே நின்றன. தண்ணீர் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. இன்னும் பத்து நாளில் வெறும் சேறுதான். அந்த நாளுக்காகத் தெரு நாய்கள் இப்போதே கரையில் வந்து படுத்திருந்தன. சசிகலா கம்புகளைப் பிடுங்கிப் பார்த்தாள்; கம்பு இருந்த இடத்தைவிட்டு வாத்துகள் அசையவில்லை. மறுபடி நட்டுவிட்டாள். ஒன்றாம் நம்பர் வாத்து அவளைத் தாண்டிக் கரையையே பார்த்த விதத்தில்தான் அவளுக்கு விஷயம் விளங்கியது. அவளும் ஒருநாள் லைன் கதவை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்பாவுக்கு மூச்சு இழுக்கிறது என்று போன் வந்த நாள் அது. ரிலீவர் வராமல் லைனை விட்டுப் போகக் கூடாது என்று சூப்பர்வைசர் வனமாமலை சொல்லிவிட்டார். அவள் வீடு சேர்ந்தபோது அப்பாவைக் குளிப்பாட்டி மாலை போட்டிருந்தார்கள். நாலு வருஷமாகியும் அந்த வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

மறுநாள் ஆறு மணிச் சங்குக்கு அவள் ஏரியில் இறங்கி ஒன்றாம் நம்பர் வாத்தின் பின்னால் போய் நின்றாள்.

"நான் வந்துட்டேன். நீ கெளம்பு."

வாத்து ஒருமுறை தலையை ஆட்டிவிட்டு எழும்பி வடக்கே போனது. ஒரு ஆள் ஒரு வாத்தைத்தான் விடுவிக்க முடியும்; அதில் வாத்துகள் கறாராக இருந்தன. சசிகலாவாலும் அதற்குமேல் நகர முடியவில்லை, காலைத் தூக்க வரவில்லை. கம்பெனி பஸ் ஓட்டும் அவள் புருஷன் கோதண்டம் தேடிக்கொண்டு வந்து, சோறு துன்னாம தண்ணியில இன்னா பண்ணிக்கினு கீற என்று கேட்டான். அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டு, ஆள் கூட்டி வருவதாகச் சொல்லிப் போனான்.

இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்த இரண்டு பஸ்கள் சுங்குவார்சத்திரம் போகாமல் ஏரிக்கு வந்தன. யூனிஃபார்மோடு இறங்கியவர்கள் ஷூக்களைக் கழற்றிக் கரையில் வரிசையாக வைத்தார்கள். ரிலீவர் வராத நாள் எல்லோருக்கும் ஒன்றாவது இருந்ததால் யாரும் விளக்கம் கேட்கவில்லை. கம்புக்கு ஒருவராகப் போய் நிற்க நிற்க வாத்துகள் எழும்பின. டிரைவர்கள்கூட இறங்கிய பிறகும் தொண்ணூற்று நாலாம் கம்புக்கு ஆள் குறைந்தது. பின்னால் நின்ற பஸ்ஸின் கடைசி சீட்டில் வனமாமலை இறங்காமல் உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இறங்கினார், சாக்ஸை மடித்து ஷூவுக்குள் வைத்தார், தண்ணீரில் மெல்ல நடந்து வந்து சசிகலா பக்கத்தில் நின்றார்.

"அன்னைக்கு நானே நின்னிருக்கலாம்மா," என்றார்.

"நின்னிருக்கலாம் சார்," என்றாள் அவள். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் தொண்ணூற்று நாலாம் கம்புக்குப் போய் நின்றதும் கடைசி வாத்து கிளம்பியது.

வாத்துகள் திரும்பி வந்து மாற்றிவிடும்வரை கம்பு காலியாகக் கூடாது என்று, அதன்பிறகு ஏழு மாசம் ஊரில் மூன்று ஷிப்டாக ஆள் போட்டு நின்றார்கள். ஏரி காய்ந்தபோதும் நின்றார்கள், ஆடியில் புழுதிக்குத் துண்டு கட்டிக்கொண்டும் நின்றார்கள். வனமாமலை ஒருநாளும் லேட்டாக வந்ததில்லை. ஐப்பசியில் ஏரி நிரம்பி, ஒருநாள் காலைச் சங்கு ஊதியபோது சசிகலாவின் பின்னால் தண்ணீர் சலசலத்தது. ஒன்றாம் நம்பர் வாத்து வந்து நின்றிருந்தது. சசிகலா தலையை ஆட்டிவிட்டுக் கரையேறி வீட்டுக்குப் போனாள்.