மருந்தை நிறுத்திய வயல்

மாரென் பூட்ஸைக் கழற்றாமல் சமையலறைக்குள் வந்தபோதே தோர்கிலுக்குப் பாதி விளங்கிவிட்டது. ரை தானிய ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தான்.

"அண்ணா, மேற்கு வயல்ல பச்சையா தின்னுற எதையும் போட வேண்டாம்" என்றாள். "கேரட், முள்ளங்கி, கீரை, எதுவுமே."

மண் ஆராய்ச்சி அவள் வேலை. மாதிரி எடுத்துப் பார்க்கச் சொன்னதும் தோர்கில்தான். சுத்தமான வயல் என்று தங்கை வாயால் கேட்டு, அதை மகள் சீட்ஸெலிடம் சொல்லிவிட ஆசைப்பட்டான். ஆர்ஹஸ் நகரத்தில் உணவக வேலையை விட்டுவிட்டு அவள் வீடு திரும்பியதே அந்த வயலில் காய்கறி போடத்தான். விதைகள்கூட வந்து இறங்கிவிட்டன.

"நான்தான் பன்றிக்கு மருந்து கலக்குறதை எப்பவோ நிறுத்திட்டேனே."

"நிறுத்தினே. மண்ணுல மருந்து இப்ப இல்லேன்னே சொல்லலாம். ஆனா மருந்துக்குச் சாகாத கிருமி அப்படியே இருக்கு. கொஞ்சங்கூடக் குறையல."

"மருந்தே இல்லாதப்ப அதுக்கு என்ன வேலை?"

"துத்தநாகம் இருக்கே."

தோர்கில் நாற்காலியில் உட்கார்ந்தான். தாய்ப்பால் மறக்கும் பன்றிக்குட்டிகளுக்கு வயிறு போகும். அதற்காகத் தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலப்பது எல்லாப் பண்ணையிலும் வழக்கம். அதை நிறுத்தும்படி அரசு சொன்னபோது அந்த வட்டாரத்தில் முதலில் நிறுத்தியவன் அவன். பதிலுக்குத் துத்தநாகப் பொடி கலக்கச் சொன்னார்கள். கால்நடை மருத்துவரும் சொன்னார், சட்டமும் இடம் கொடுத்தது. வெள்ளை வெளேரென்ற அந்தப் பொடியில் குட்டிகள் பிழைத்தன. உடம்பில் ஒட்டாதது சாணத்தோடு வெளியேறி, ஒவ்வொரு வசந்தத்திலும் எருத் தெளிக்கும் டேங்கர் வண்டி வழியாக வயலுக்குப் போனது. பிறகு அதையும் தடை செய்தார்கள். அதையும் விட்டான். அதன்பின் எத்தனையோ காலைகள், செத்த குட்டிகளைப் பின்னங்காலில் பிடித்துத் தூக்கி வந்து வாசலோரம் போட்டிருக்கிறான்.

"துத்தநாகத்தைத் தாங்குற குணமும் மருந்தைத் தாங்குற குணமும் அந்தக் கிருமிக்குள்ள ஒரே முடிச்சா இருக்கு" என்றாள் மாரென். "ஒண்ணு தேவைப்படுற வரைக்கும் இன்னொண்ணையும் அது விடாது. மருந்து சிதைஞ்சு போகும். உலோகம் எங்க போகும்?"

"சுண்ணாம்பு போட்டா?"

"கொஞ்சம் கட்டுப்படும். போயிடாது."

"மேல்மண்ணை வழிச்சு எடுத்துட்டா?"

"எடுத்து எங்க கொட்டுவே?"

தோர்கில் ரொட்டித் துண்டைத் தள்ளிவிட்டான். "மருந்து கொடுத்தேன், தப்புன்னீங்க. பொடி கொடுத்தேன், சரின்னீங்க. அப்புறம் அதுவும் தப்பு. ஒண்ணுமே கொடுக்காம குட்டிங்களைச் சாக விட்டேன். நான் எப்பத்தான் சரியா செஞ்சேன், அதைச் சொல்லு."

மாரென் அவன் தள்ளிய ரொட்டித் துண்டை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த சீட்ஸெல் உள்ளே வந்தாள். "அப்பா, நம்ம டேங்கர் ஏறாத இடம் எது?"

அவனையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது. "வயலுக்கு மேல இருக்குற சரிவு. ஏறினா வண்டி கவிழும். அங்க முள்ளுகூட ஒழுங்கா முளைக்காதும்மா."

மூவரும் ஏறிப் போனார்கள். காற்று காதை அறுத்தது. சீட்ஸெல் மண்வெட்டியை இறக்கினாள், கல். ஓரடி தள்ளி இறக்கினாள், அங்கேயும் கல். கீழே மேற்கு வயல் ஒரு கல் இல்லாமல், கறுத்து, கொழுத்து, சமனாகக் கிடந்தது. அதன் அழகைப் பார்க்கப் பிடிக்காமல் தோர்கில் திரும்பிக்கொண்டான்.

மாரென் குனிந்து ஒரு பையில் மண் அள்ளினாள். "இதையும் பாத்துடணும். காத்துல கீழேயிருந்து தூசி வந்திருக்கலாம்."

"வேண்டாம்னா விடவா போறே?" என்றான் தோர்கில்.

சீட்ஸெல் மண்வெட்டியை வீசிவிட்டு வெறுங்கையால் ஒரு பாறையைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. மூக்கை முழங்கையில் துடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். தோர்கில் வாய்க்குள் திட்டிக்கொண்டே மண்டியிட்டு, அடியில் கை கொடுத்து நெம்பினான்.

கல் பெயர்ந்தது. யாரும் பிடிக்குமுன் சரிவில் உருண்டு, துள்ளி, வேகமெடுத்து, கறுப்பு மண்ணில் நெடுந்தூரம் ஓடிப் போய் வயலின் நடுவே நின்றது. அத்தனை பெரிய வயலில் அது ஒன்றுதான் கல்.