வயுவா வாளியைக் கொடுத்தாள்

1

இந்தக் கதை என் மனதில் தானாக முளைத்ததில்லை. கேட்டு வாங்கப்பட்டது. போன டிசம்பரில் நடந்த ஆசிரியர் பயிற்சி முகாமில், மாவட்டக் கல்வித் துறையிலிருந்து வந்திருந்த அம்மையார் ஒருவர் தேநீர் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க கதை எழுதுவீங்களாமே? பள்ளிக்கூடத்துல பிள்ளைங்க உயிரை மாய்ச்சுக்கிறதைத் தடுக்கிறதைப் பத்தி ஒண்ணு எழுதிக் குடுங்களேன். ரெண்டு பக்கம் போதும். கடைசியில மட்டும் நம்பிக்கை இருக்கணும்."

என் வாயில் அப்போது அவர்கள் கொடுத்த மண்டாசி இருந்தது. அவர்கள் பலகாரத்தை மென்றுகொண்டே முடியாது என்று எப்படிச் சொல்வது? தலையாட்டிவிட்டேன். அந்த இரண்டு பக்கம் என் விடுமுறையை முழுதாகத் தின்றுவிட்டது. நீங்கள் படிப்பது அவர் கேட்ட கதை இல்லை. அதை எழுதப் போய் நான் பட்ட பாடு.

நான் நைரோபிக்குக் கிழக்கே, உக்கம்பானியில் ஒரு பெண்கள் உறைவிடப் பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். மாணவிகளுக்கு ஆலோசகரும் நான்தான். அதற்கென்று படித்தவள் இல்லை. ஒரு பருவத்தில் எனக்குப் பாடவேளை குறைவாக இருந்தது, யார் தலையிலாவது கட்ட வேண்டியிருந்தது, என் தலை கிடைத்தது. கலோண்டு மேடம், அதாவது என் அறைக்குப் போனால் சர்க்கரை தாராளமாகப் போட்ட தேநீர் கிடைக்கும் என்பதைத் தவிர எனக்கு வேறு புகழ் கிடையாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 'எப்படி' என்பது இந்தக் கதையில் எங்கும் வராது. அதைத் தேடிக்கொண்டு வந்தவர் நீங்கள் என்றால், இதை மூடிவைத்துவிட்டு இப்போதே பக்கத்தில் இருக்கும் ஒருவரிடம் போய்ப் பேசுங்கள். யாராக இருந்தாலும் சரி. கதை எங்கும் ஓடிவிடாது.

2

தொடக்கங்கள்.

"வயுவா எப்போதும் சிரித்துக்கொண்டே இருப்பாள். அவள் இப்படி நினைப்பாள் என்று யாரும்—"

[இங்கே நிறுத்தினேன். எப்போதும் சிரித்துக்கொண்டிருக்கும் பதினாறு வயதுப் பெண்ணை நான் பார்த்ததே இல்லை. வயுவா காலையில் சிடுசிடுப்பாள். கணக்கில் கெட்டி. சாப்பாட்டுச் சோளத்தில் வண்டு கிடந்தால் சமையல்காரரைக் கூப்பிட்டு, அதற்கு ஒரு பெயர் வைக்கச் சொல்வாள்.]

"மழை பொய்த்த வருடம் அது. மலைகள் காய்ந்து, வானம்—"

[வானத்தை இதில் இழுக்காதே.]

"சனிக்கிழமை பிற்பகல் வயுவா தன் வாளியைக் கொடுத்துவிட்டாள்."

இது நிற்கும் என்று தோன்றியது. எங்கள் பக்கம் தண்ணீர் லாரியில் வரும். வரிசையில் வாளியோடு நிற்பவளுக்குத்தான் தண்ணீர். அதனால் வாளியில் சூட்டுக்கம்பியால் பெயரைத் தீய்த்து, கட்டில் காலோடு சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருப்பார்கள். ஒருத்தி வாளியைக் கொடுத்துவிட்டாள் என்றால் எங்களுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றே ஒன்று: வேறு பள்ளிக்கு மாறிப் போகிறாள். போகிறவள் வாளியையும் பூட்டையும் தன் பள்ளி மகளுக்கு விட்டுப்போவது வழக்கம். புதிதாகச் சேரும் ஒவ்வொரு சின்னப் பெண்ணுக்கும் மேல்வகுப்பில் ஒரு பள்ளி அம்மா உண்டு. வயுவாவின் பள்ளி மகள் எம்பிதே.

"எனக்கா? பூட்டோடவா?" என்றாள் எம்பிதே.

"சாவியோட. துணியை ஊறப்போட்டுட்டு மறந்துடாத, நாறும்."

"எந்த ஸ்கூலுக்குப் போறீங்கம்மா?"

வயுவா பதில் சொல்லவில்லை. அக்கம்பக்கத்துக் கட்டில்காரிகள் சொன்னார்கள்.

"நைரோபிதான், வேறெங்க? அங்க குழாயைத் திறந்தா சுடுதண்ணியாம். மகாராணிக்கு வாளி எதுக்குடி?"

"நாளைக்கு ரோட்டுல பார்த்தா, 'நீங்க யாரு?'ன்னு இங்கிலீஷ்ல கேப்பா பாரு!"

யாரோ வழியனுப்பும் பாட்டை ஆரம்பித்தார்கள். பெட்டிகளைத் தட்டித் தாளம் போட்டார்கள். வயுவாவும் கைதட்டினாள். எம்பிதே கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்பதை அத்தனை பேரில் ஒருத்தியும் கவனிக்கவில்லை.*

* தன் பொருள்களைப் பிறருக்குக் கொடுத்துவிடுவது ஓர் அபாய அறிகுறி என்று அந்த முகாமில் சொன்னார்கள். நானும் பவ்யமாகக் குறித்துக்கொண்டேன். ஆனால் எங்கள் விடுதியில் யாராவது எதையாவது கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டேதான் இருப்பார்கள். பாட்டும் கும்மாளமுமாக வரும் அறிகுறியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

3

என் கணவர் கிமெயு இதுவரை படித்துவிட்டுத் தாளைக் கீழே வைத்தார்.

"எல்லாம் சரி. அவ ஏன் சாகணும்னு நினைக்கிறா? அதைச் சொல்லவே இல்லையே. காதலா?"

"இல்லை."

"மார்க்கா?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு."

"சொந்தக்காரன் எவனாவது—"

"இல்லைங்க. போதும்."

"அப்புறம் படிக்கிறவன் எப்படி நம்புவான்?"

அவர் கேட்டதில் தப்பில்லை. எனக்கே இந்தப் பெண் மேல் சந்தேகம் வந்துவிட்டது. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். அவள் அம்மா வளைகுடாவில் வீட்டு வேலை செய்கிறாள். வாராவாரம் வந்துகொண்டிருந்த தொலைபேசி அழைப்பு, பிறகு எப்போதாவது வந்தது. வயுவாவுக்குத் தூக்கம் போயிற்று. கணக்கில் கெட்டிக்காரி ஒரு தேர்வில் வெறும் தாளைக் கொடுத்தாள். உயிர்த் தோழி கத்துங்கே இவள் அம்மாவைப் பற்றி மற்றவர்களிடம் ஏதோ சொல்லப்போய், இருவருக்கும் பேச்சு நின்றது. இதில் எதைத் தனியாக எடுத்தாலும் "இதுக்கா?" என்று கேட்பீர்கள். துக்கத்துக்கு வந்த இடத்தில்கூட அப்படித்தான் கேட்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழுந்துபோய்விடலாம் போலிருக்கும்.

அதனால் ஒற்றைக் காரணம் எதையும் நான் தருவதாக இல்லை. தந்தால், அந்தக் காரணம் இல்லாத பிள்ளைகளைப் பற்றி நாம் நிம்மதியாக இருந்துவிடுவோம். வயுவாவுக்குச் செத்துப்போக ஆசை என்று நான் நினைக்கவில்லை. இப்போது இருக்கிற மாதிரி இன்னொரு நாள் இருக்க அவளால் முடியவில்லை. எனக்குப் புரிந்தது அவ்வளவுதான், அது கிமெயுவுக்குப் போதவில்லை.

4

யார் கண்டுபிடிக்கிறார்கள்?

முதல் வரைவில் நான்தான். வகுப்பில் அவள் கண்களைப் பார்த்த மாத்திரத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிடுகிறது. படித்துப் பார்த்தால் எனக்கே கூச்சமாக இருந்தது. என்னை நானே தலைமையாசிரியை ஆக்கிக்கொள்ளாததுதான் பாக்கி.

இரண்டாம் வரைவில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. [அந்தப் பக்கங்கள் அடுப்புக்குப் போயின. அதில் என்ன இருந்தது என்று கேட்காதீர்கள்.]

மூன்றாம் வரைவில் கண்டுபிடித்தது பொறாமை. வாளி எம்பிதேவுக்குப் போன செய்தி கத்துங்கே காதுக்கு எட்டியது. பேச்சுவார்த்தை இல்லைதான், அதற்காக வாளியை ஒரு பொடிசுக்குக் கொடுப்பதா? நேரே துணைத் தலைமையாசிரியை மிசஸ் மவியாவிடம் போய் நின்றாள். மறுநாள் பெற்றோர் பார்க்க வரும் ஞாயிறு. மவியா நாற்காலிகளை எடுத்துப் போடச் சொல்லி முற்றத்தில் கத்திக்கொண்டிருந்தார்.

"மேடம், வயுவா எந்த ஸ்கூலுக்குப் போறா?"

"நாற்காலி தூக்க வந்தியா, வம்பளக்க வந்தியா?"

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல மேடம். ஃபார்ம் ஒன்ல சேர்ந்த நாள்லேருந்து பக்கத்துப் பக்கத்துக் கட்டில். வாளியைக் கொண்டுபோய் அந்த எம்பிதேகிட்ட குடுத்திருக்கா. அதுக்கு ஒழுங்கா மூக்குச் சிந்தக்கூடத் தெரியாது."

"வாளியைக் குடுத்துட்டாளா?"

"பூட்டோட."

"என்னடி உளர்ற? என் கையெழுத்து இல்லாம யாரும் மாறிப் போக முடியாது. அவ வீட்டுலேருந்து யாரும் வந்து கேக்கவும் இல்ல. வயுவா எங்கயும் போகல."

கத்துங்கேயின் முகத்திலிருந்து கோபம் இறங்கும் இடத்தைப் பலமுறை எழுதி அடித்தேன். இப்போதும் சரியாக வரவில்லை. அவள் ஒரு நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

"மேடம்," என்றாள். குரல் சின்னதாகிவிட்டது. "அப்ப அவ எங்க போறா?"

5

என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள்.

"ஊருக்கு அனுப்பிடுவோம் கலோண்டு," என்றார் மவியா. "வீட்டு ஆளைக் கூட்டிக்கிட்டு வரட்டும்."

எங்கள் பள்ளியில் எல்லாவற்றுக்கும் இதுதான் மருந்து. கைபேசி பிடிபட்டால், எதிர்த்துப் பேசினால், கட்டணம் கட்டாவிட்டால், ஊருக்கு அனுப்பு.

"வீட்டுல யாரு மேடம் இருக்கா? இந்த நிலையில தனியா மட்டாட்டு வேன்ல ஏத்திவிடுவீங்களா?"

"அப்ப நாளைக்கு எல்லாரும் கூடியிருக்கப்ப முன்னாடி நிறுத்தி, பாஸ்டரை ஜெபம் பண்ணச் சொல்லலாம்."

"ஊரே பார்க்கவா?"

"நீதான் சொல்லேன், என்ன பண்ணலாம்?"

"கேக்கலாம். நேரடியா."

"பைத்தியமா உனக்கு? இல்லாத எண்ணத்தை நாமளே அவ தலையில போட்டுட்டா?"*

மவியாவைக் கெட்டவராக எழுதிவிட்டால் எனக்கு வேலை சுலபம். ஆனால் அவர் நாற்காலிகளை அப்படியே விட்டுவிட்டார். என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

* கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடுவதில்லை. இதில் நெடுங்காலம் உழைத்தவர்கள் ஆராய்ந்து சொன்னது. ஏற்கெனவே எண்ணம் இருப்பவளுக்கு, அதை இன்னொருவர் வாயிலிருந்து கேட்பது கொஞ்சம் மூச்சுவிட்ட மாதிரி இருக்குமாம். இதெல்லாம் தெரிந்தும் நான் முதலில் "என்னம்மா?" என்று மட்டும்தான் கேட்டேன்.

மற்ற பெண்கள் மறுநாளுக்காகச் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டும் ஒருவருக்கொருவர் தலை பின்னிக்கொண்டும் இருந்தார்கள். வயுவா தேவாலயத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். மவியா சற்றுத் தள்ளி நின்றுகொண்டார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல மேடம்."

வர வேண்டாம் என்று சொல்லியும் கத்துங்கே பின்னாலேயே வந்துவிட்டாள்.

"நீ எந்த ஸ்கூலுக்கும் போகல," என்றாள்.

"போடி. உன்கிட்ட யாரு பேசினா?"

"நீ பேசாட்டி போ, நான் பேசுவேன். வாளி இல்லாம நாளைக்கு எப்படிக் குளிப்ப?"

வயுவா தரையைப் பார்த்தாள்.

"நாளன்னிக்கு?"

அதற்கு மேல் கத்துங்கேயால் முடியவில்லை. என்னைப் பார்த்தாள். பெரியவர்கள் கேட்க வேண்டியதை அந்தப் பெண் பாதி தூரம் சுமந்து வந்திருந்தாள். மீதியை நான் கேட்டேன்.

"வயுவா, செத்துப்போயிடணும்னு நினைக்கிறியா?"

6

முடிவுகள்.

மாவட்டத்து அம்மையாருக்கு: வயுவா ஓவென்று அழுகிறாள், எல்லோரும் கட்டிக்கொள்கிறார்கள். மறுநாள் சப்பாத்தியும் கோழியுமாக அவள் அம்மா விமானத்திலிருந்து இறங்கி வருகிறாள். பிற்காலத்தில் வயுவா டாக்டர். [வயுவாவே இதைப் படித்தால் காறித் துப்புவாள்.]

கொஞ்சம் நேர்மையான முடிவு: நகரத்து மருத்துவமனை. வரிசையில் காத்திருத்தல். மாற்றி மாற்றி யாராவது ஒருவர் கூடவே இருத்தல். "இந்தப் பிள்ளையைத் திரும்பச் சேர்த்துக்கிட்டா பொறுப்பு யாருது?" என்று தலைமையாசிரியை கேட்டல். அவள் உள்ளே வந்ததும் விடுதி சட்டென்று அமைதியாதல். ஒரு நல்ல வாரம். ஒரு மோசமான வாரம். "ஏன் மேடம் கேட்டீங்க?" என்று என் மேல் பாய்தல். இது இப்படியே நீளும். எங்கே முற்றுப்புள்ளி வைப்பது என்று தெரியாததால் இதை முடிவு என்று சொல்ல மாட்டேன்.

மூன்றாவதை எழுத மாட்டேன்.

ஆக, நாம் இன்னும் தொட்டி நிழலில்தான் இருக்கிறோம். கேள்வி கேட்டாகிவிட்டது. எல்லா வரைவிலும் இந்த இடத்தில் யாராவது பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். "அப்படி நினைக்கிறதே பாவம்மா" என்கிறார் மவியா. கத்துங்கே விசும்ப, வயுவா அவளைத் தேற்ற வேண்டியதாகிறது. நான், என்னையும் சொல்ல வேண்டும், "உங்கம்மா உனக்காகத்தானே அவ்வளவு தூரத்துல கஷ்டப்படறா" என்று எழுதிவிட்டு, நல்ல வசனம் என்று சந்தோஷப்பட்டேன்.

ஒவ்வொன்றாக அடித்தேன். மவியாவை மருத்துவமனைக்குப் போன் செய்ய அனுப்பினேன். போனார். கத்துங்கேயை விடுதிக் காப்பாளரிடம் சேர்த்தேன். அவளையும் ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். மிச்சம் இருப்பது நான். பேச்சை நிறுத்தத் தெரியாதவள், எழுத்துக்காரி. நான் எழுதும்வரை அவள் வாயில் வருவதும் என் சொற்களாகத்தான் இருக்கும்.

எழுந்துகொள்கிறேன். அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். ஆறுதல் எதையும் எடுத்துக்கொண்டு வராதீர்கள். உதவத் தெரிந்தவர் வந்து சேரும்வரை நகராதீர்கள், அவள் போகச் சொன்னாலும்.

அவள் "ஆமா" என்று சொன்னாள். உங்களுக்குக் கேட்டிருக்கும்.

இன்னும் ஏதோ சொல்ல வருகிறாள். நான் நிறுத்தினால்தான்—