சுலபம் என்று வட்டமிட்டவர்கள்

...ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று, மறுபடியும் ஒன்று, இது என்ன கூத்து, அறுபத்திரண்டு தாளையும் மடியில் வைத்து மூன்றாம் முறையாகப் புரட்டினாள் குசுமா, ஜன்னல் காற்றில் பறந்துவிடாமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு, திண்டிவனத்தில் பஸ் ஏறியதிலிருந்து இதே வேலை, விழுப்புரம் போய்ச் சேர்வதற்குள் எண்கள் தானாக மாறிவிடுமா என்ன... பாடம் எவ்வளவு கடினமாக இருந்தது என்று ஒன்றிலிருந்து ஒன்பதுக்குள் பென்சிலால் வட்டமிடச் சொன்னாள், ஒன்று என்றால் மிகவும் சுலபம், ஒன்பது என்றால் தாங்க முடியாத கடினம், இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது, நர்சிங் படிக்கிற பிள்ளைகள், பாதிப் பேருக்கு டேப்லெட்டில் படமும் குரலுமாக இதயத்தைப் பற்றிப் பாடம், மீதிப் பேருக்கு மெய்நிகர் கண்ணாடியை மாட்டி இதயத்துக்குள்ளேயே நடக்கவிட்ட பாடம், எதில் மூளைக்குச் சுமை அதிகம் என்று அளப்பதுதான் ஐந்து வருடமாக உயிரைவிட்டுச் செய்த ஆராய்ச்சி, இரண்டு பக்கமும் ஒன்று போட்டு வைத்திருக்கிறார்கள், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே எந்த வித்தியாசத்தைத் தேடுவது. இவ்வளவு சுலபம் என்றவர்கள் பத்துக் கேள்வித் தேர்வில் வாங்கியதோ மூன்று, நான்கு. அழுகையாக வந்தது.

கடைசிப் பிரிவுப் பிள்ளைகளும் முடிக்கும்வரை தாள்களைப் போட்ட உறையைப் பிரிக்கக் கூடாது, பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாயும் என்று பெரிய நீதிபதி மாதிரி ஒட்டி ஒட்டி வைத்தாயே, முதல் வாரமே பிரித்திருந்தால்... இன்று பிரித்ததும் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில்தான், பக்கத்தில் முகையூர்க்காரி வெண்ணிலா, விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவள், கண்ணாடியைக் கழற்றியதும் வாஷ்பேசினுக்கு ஓடி வாந்தி எடுத்த பெண், திரும்பி வந்து இதே ஒன்றை வட்டமிட்ட பெண், ஏன்டியம்மா இப்படிப் போட்டாய் என்று கேட்டால் அவளுக்கு ஒரே ஆச்சரியம். "நீங்க அவ்ளோ தூரத்துல இருந்து பொட்டியத் தூக்கினு வர்றீங்க, கஷ்டம்னு போட்டா உங்களுக்குப் பேஜாரா இருக்காதாங்க மேடம்? அதான் எல்லாரும் பேசிக்கினு போட்டோம்." சொல்லிவிட்டு வறுத்த மல்லாட்டைப் பொட்டலத்தை வேறு நீட்டினாள். அவளைத் திட்டவா முடியும், இரண்டு கடலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நன்றாயிருக்கிறது என்றாள் குசுமா.

இனி மறுபடி நடத்தவும் வழியில்லை, குயிலாப்பாளையத்தில் இரவல் வாங்கிய ஆறு கண்ணாடிகளும் நேற்றே திரும்பிப் போய்விட்டன, விடுமுறை முடிந்தால் பிள்ளைகளுக்கு மூன்று மாதம் ஆஸ்பத்திரி வார்டு, அவளுடைய பிஎச்.டி. பதிவுக்காலமோ வெள்ளிக்கிழமையோடு முடிகிறது, முடிந்தால் ஐந்து வருடமும் குப்பை... பென்சில்தானே, கைப்பையில் ரப்பர் இருக்கிறது. வெண்ணிலாவின் ஒன்றை அழித்தாள், எட்டில் வட்டமிட்டாள், இதுதானே உண்மை, கண்ணால் பார்த்த உண்மை, பொய்யை அழித்து உண்மையை எழுதினால் அதற்கும் மோசடி என்றா பெயர்... அடுத்த தாள். இந்தப் பெண்ணின் முகமே நினைவில் இல்லையே, இவளுக்கு எத்தனை, ஆறா, ஏழா, ஏழு போடு, மார்க் மூன்றுதானே, அடுத்தவளுக்கும் ஏழு, வேண்டாம், ஆறு, எல்லாருக்கும் ஏழு என்றால் சந்தேகம் வரும், அட பாவி, என்ன நேர்த்தியாக யோசிக்கிறாய், இந்த மூளைக்கு இப்போது யாராவது சுமையை அளந்து பார்க்கட்டும்... ரப்பர் தூசியைப் புடவையிலிருந்து தட்டிவிட்டாள். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்துக்கொண்டு போனார்.

விக்கிரவாண்டி டோல்கேட்டில் பஸ் நிற்கும்போது போன் அடித்தது, தாண்டவராயன் சார், அவளுடைய ஆய்வு நெறியாளர், தானாக ஒரு நாளும் கூப்பிடாதவர். "குசுமா, டேட்டா எல்லாம் சரியா வந்துச்சா? டீன் இப்ப என் எதிர்லதான் இருக்காரு. கஷ்டமா இருந்தா இப்பவே சொல்லும்மா, இன்னும் ஆறு மாசம் டைம் கேட்டு வாங்கித் தர்றேன். இத விட்டா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல."

ஆறு மாதம். கண்ணாடி மறுபடி கிடைக்கும், பிள்ளைகள் வார்டிலிருந்து வந்துவிடுவார்கள், இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக... தொண்டைவரை வந்துவிட்டது. "கஷ்டம்லாம் ஒண்ணும் இல்லைங்க சார். ஈசியாத்தான் போய்க்கினு இருக்கு. வந்து காட்டறேங்க."

அப்படியா, ரொம்ப சந்தோஷம் என்று வைத்துவிட்டார். பஸ் டோல்கேட்டைத் தாண்டி வேகம் எடுத்தது. யார் பேசியது, என் வாயா, கேட்டாரே மனுஷன், தானாகக் கூப்பிட்டுக் கேட்டாரே, டீன் இன்னும் எதிரில்தான் இருப்பார், திரும்பக் கூப்பிடு, இப்போதே கூப்பிடு, விரல் அவர் பெயரின் மேல் நின்றது, கூப்பிட்டு, சார், எனக்குக் கஷ்டமாக... அடுத்த சொல் வரவில்லை, அப்பாவிடமோ வாத்தியாரிடமோ புருஷனிடமோ முப்பத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூடச் சொல்லிப் பழகாத வாக்கியம், அதை எந்தக் குரலில் சொல்வது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.