ஓர் இடுப்பும் முக்கால் வாலும்

1954 தை மாதத்தில், அரியலூருக்கு மேற்கே மயிலம்மாளின் கொல்லையில், தலையில்லாத மிருகம் ஒன்று பதினோரு ஆடுகளைத் தின்றது. தலை மட்டுமா, நெஞ்சும் முன்கால்களும்கூட அதற்குக் கிடையாது. முந்திய வருஷம் கிணறு வெட்டியபோது கிடைத்தவை ஓர் இடுப்பெலும்பு, ஒரு தொடையெலும்பு, வாலில் முக்கால் பங்கு, அவ்வளவே. ஆகவே எழுந்து வந்ததும் அவ்வளவே. ஒற்றைக் காலில் தத்தித் தத்தி வரும். ஆட்டின் பக்கத்தில் நிற்கும். பிறகு ஆடு இருக்காது. வாயில்லாதது எப்படித் தின்னும் என்று மணியக்காரர் சட்டம் பேசினார். வாயிருக்கிறவர்கள் தின்பது மட்டும் கணக்கில் தெரிகிறதா என்று மயிலம்மாள் திருப்பிக் கேட்டாள். புருஷன் போன பிறகு அந்த ஆடுகளையும் நாலு காணி மானாவாரிக் கொல்லையையும் வைத்துத்தான் அவள் பிழைத்தாள்.

மிருகத்தைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. குற்றம் புத்தூரில் குடியிருந்த நிலவியல் பேராசிரியர் இருதயநாதனுடையது. கல்லாய்ப்போன சிப்பிகளைப் பொறுக்க வந்த இடத்தில் கிணற்று மேட்டில் எலும்புகளைப் பார்த்து ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனவர் அவர். கோடி கோடி வருஷங்களுக்கு முன் வாழ்ந்த டைனோசர் இது என்றார்; அதுவரை சரி. அதோடு வாயை மூடியிருந்தால் பெரிய மனிதர் என்றே எழுதியிருப்போம். ஆனால் அந்தப் படிப்பில் ஒரு சாத்திரம் உண்டு. எவர் முதலில் பெயர் வைத்து அச்சேற்றுகிறாரோ, அவர் பெயர் மிருகத்தின் பெயருக்குப் பின்னால் உலகம் உள்ளளவும் ஒட்டிக்கொண்டு வரும். மண்டை கிடைக்கட்டும், பல் கிடைக்கட்டும் என்று காத்திருப்பவன் ஏமாளி. இருதயநாதன் ஒரு பல்லைக்கூடப் பார்க்காமல், தொடையெலும்பு உள்ளே குடைவாக இருக்கிறது, எனவே இது மாமிசம் தின்னி என்று முடிவு கட்டி, லத்தீனில் நீளமாக ஒரு பெயரும் வைத்தார். கட்டுரை அச்சான வாரம்தான் ஆடுகள் போயின.

ஸ்ரீரங்கம் உத்தர வீதியில் இன்னொரு மேதை இருந்தார், தேசிகாச்சாரி. வேறொரு கல்லூரியில் அதே பாடம் நடத்தியவர். அடுத்தவர் பெயர் அச்சில் வந்தால் அவருக்குச் சோறு இறங்காது. மூன்று வருஷம் இடுப்பெலும்பின் சாய்வை உற்றுப் பார்த்துவிட்டு, இது தழை தின்னியே என்று 1957இல் எழுதினார். அந்த மார்கழியில் மிருகம் ஆடுகளை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கதிர் முற்றிய சோளத்தை ஓரம் விடாமல் முடித்தது. இருதயநாதன் மறுத்தால் ஆடு, தேசிகாச்சாரி மறுத்தால் சோளம் என்று நாலு வருஷம் ஓடியது. 1961இல் சென்னை மாநாடு ஒன்றில் இருவரும் மாலையும் கழுத்துமாகச் சமாதானமாகி, இது இரண்டும் தின்னும் என்று கூட்டாக எழுதினார்கள். படித்தவர்கள் சேர்ந்தால் ஊர் உருப்படும் என்று சொன்னவன் வாயில் சர்க்கரையைத்தான் போடவேண்டும். அந்த வருஷம் ஆடும் போயிற்று, சோளமும் போயிற்று, வைக்கோல் போரும் போயிற்று.

மிஞ்சியது ஒரு தாயாடும் அதன் குட்டியும். அவையும் போனால் கல்லுடைக்கப் போவதைத் தவிர மயிலம்மாளுக்கு வேறு வழியில்லை. இரண்டையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு புத்தூருக்கு வந்தாள்.

"பேரு வச்சீங்க ஐயா, நல்லாருக்கு. சோறு போடுறது நானுல்ல?" என்றாள்.

"விஞ்ஞானம் வேற, உன் ஆடு வேறம்மா," என்றார் இருதயநாதன். "உனக்காகக் கட்டுரையை மாத்த முடியுமா?"

"என்ன மிருகம்னு தெரியலைன்னு ஒரு வரி எழுதுங்க, போதும். அதுக்கென்ன கை ஒடிஞ்சா போயிடும்?"

தன் வீட்டு வாசலிலேயே தனக்கு இப்படி ஓர் அவமானமா என்று அவர் உள்ளே போய்விட்டார். மயிலம்மாள் ஆடுகளைக் கொய்யா மரத்தில் கட்டி அங்கேயே உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு மிருகம் புத்தூர் நால்ரோட்டைக் கடந்து வந்தது. டவுன் பஸ்கள் நின்று வழிவிட்டன. இருதயநாதன் டேப்போடு இறங்கி வந்து அதன் வாலை அளந்தார். கட்டுரையில் போட்டிருந்ததைவிட நாலு அங்குலம் குறைந்தது. ஆகவே இது அந்த மிருகமே இல்லை என்று அறிவித்துவிட்டுச் சாப்பிடப் போனார். அதற்குள் தாயாடு போய்விட்டது.

வெறும் கயிறு தொங்குவதை அவர் மனைவி வியாகுலம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முப்பது வருஷமாகக் கணவரின் கட்டுரைகளை டைப் அடித்தவள். குட்டியைத் தூக்கிச் சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, டைப்ரைட்டர் முன் உட்கார்ந்தாள். இந்த எலும்புகளை வைத்து இது இன்ன மிருகம் என்று சொல்ல இயலாது. முன்பு வைத்த பெயரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். இரண்டே வரி. மனைவி நீட்டும் தாளை வாசிக்காமல் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம். தன் எழுத்தில் பிழை இருக்காது என்பதில் அத்தனை உறுதி. போட்டார். அச்சாகி வர இரண்டு மாதம் ஆயிற்று. அதுவரை குட்டி அடுப்படியில் வளர்ந்தது, மிருகம் கொய்யா மரத்தடியில் காத்து நின்றது. இதழ் வந்த அன்று மிருகம் திரும்பிக் கொல்லைக்கே போயிற்று; குட்டியை ஓட்டிக்கொண்டு மயிலம்மாளும் ஊர் திரும்பினாள். பெயர் வைத்தவரே கைவிட்ட பிறகு தேசிகாச்சாரியின் மறுப்பை யாரும் அச்சிடவில்லை. இருதயநாதன் வாழ்நாளில் வெளியிட்ட உண்மை அந்த இரண்டு வரிதான். அதையும் அவர் எழுதவில்லை.

அதன் பின் மிருகம் எதையும் தின்னவில்லை. 1966இல், ஓய்வு பெற்ற இருதயநாதன் பேனாவும் நோட்டுமாகக் கொல்லைக்கு வந்தபோது மயிலம்மாளிடம் ஒன்பது ஆடுகள் இருந்தன. அவர் மிருகத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். பேனா மூடியைத் திருகியதும் மயிலம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க ஐயா. பேரு மட்டும் வச்சிடாதீங்க. இப்பத்தான் பசியில்லாம நிக்குது."

அவர் பேனாவை மூடினார். வெயில் கடுமையாக இருந்ததால், மிருகத்தின் நிழலில் படுத்திருந்த ஆடுகளைக் கொஞ்சம் தள்ளச் சொல்லி, உட்கார்ந்து மோர் குடித்தார்.