மின்னல் ரீத்தா இறக்கிவிட்ட பிறகு

1

இந்தக் கதை ஒரு கேள்வியில் பிறந்தது. கேட்டவன் படத்துக்குக் கலர் அடிக்கிறவன். எழுதுகிறவள் பிரீனா. "நான்" என்று எழுதினால் தன்னைக் கொஞ்சம் நல்லவளாகக் காட்டிவிடுவோமோ என்று பயந்து, தன்னையும் பெயர் சொல்லியே எழுதிக்கொள்கிறாள்.

மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊர். கோயில் திருவிழா மலரில் வருஷாவருஷம் நாலு பக்கம் படக்கதை அவளுடையது. (இந்த ஊரில் மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்வார்கள். சர்ச் என்பதெல்லாம் கல்யாணப் பத்திரிகையில்தான்.) நாயகி மின்னல் ரீத்தா, மீன்காரி. தலையில் மீன் சருவத்தோடு (வாயகன்ற பாத்திரம்) பறப்பாள். போன வருஷம் சங்கிலி பறித்தவனைச் சாளை மீனால் அறைந்தாள், ஊரே சிரித்தது. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். இந்த வருஷம் கனமான விஷயம் எழுதவேண்டும் என்று பிரீனாவுக்கு ஆசை வந்துவிட்டது.

2

"அன்று கடல் சீற்றத்தோடு —"

(வேண்டாம். கடல் அன்று சும்மாதான் கிடந்தது.)

"வாழ்க்கையை வெறுத்த ஏசுஅடிமை —"

(வெறுத்தான் என்று யார் சொன்னது? அவனிடம் யாரும் கேட்கவே இல்லையே.)

மூன்றாவது தடவை எழுதியது ஒருவழியாக நின்றது. ஏசுஅடிமை என்ற வள்ளக்காரன் பாறையிலிருந்து விழுகிறான். ரீத்தா பாய்ந்து வந்து ஒரு கையால் பிடிக்கிறாள், மறு கை சருவத்தில். மணலில் இறக்கிவிட்டு, "ஜீவன் பெருசு ஓய்!" என்கிறாள். உடனே பறந்துவிடுகிறாள். ஐஸ் உருகினால் மீன் என்னாவது?

பிரீனாவின் கொழுந்தன் வினோஜ் இதற்குக் கலர் அடிக்க உட்கார்ந்தான். மஸ்கட்டில் வேலை போய் ஊருக்கு வந்தவன். வந்த நாளிலிருந்து, சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் அறையை விட்டு வருவான். அந்தக் கதவு கொஞ்சமாவது திறந்து கிடக்கட்டும் என்றுதான் பிரீனா இந்த வேலையை அவனிடம் கொடுத்ததே.

"மைனி, பிடிச்சி மணல்ல இறக்கியாச்சு. பொறவு?"

"பொறவு என்ன? கதை முடிஞ்சு."

"ரீத்தாவுக்கு முடிஞ்சு. அவனுக்கு? நாளைக்கும் அந்தப் பாறை அங்ஙனதான கெடக்கும்?"

3

பிரீனா யோசித்துப் பார்த்தாள். பறக்கிற நாயகர்களின் கதையில், விழுகிறவனுக்குப் பெரும்பாலும் பெயரே இருப்பதில்லை. பிடிக்கிறவரின் பெருமைக்காக அவன் விழவேண்டும், அவ்வளவுதான். பிடித்தது சரியா என்றால் நூறு தடவை சரி. விழுகிறவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டா பிடிக்க முடியும்? ஆனால் பிடித்த கையே அடுத்த நிமிஷம் டாட்டா காட்டுகிறதே, அது எந்த ஊர் நியாயம்?

சரி, ரீத்தாவை உட்கார வைக்கலாம் என்று வரைந்தாள். ஒரு கட்டம், இரண்டு கட்டம், மூன்று கட்டம். மூன்றிலும் இரண்டு பேர் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். உட்கார்ந்திருக்கப் பறக்கும் சக்தி எதற்கு? இதை மலரில் போட்டால் கமிட்டிக்காரர்கள் அவளைத்தான் பறக்க விடுவார்கள்.

4

மறுநாள் மத்தியானம் பிரீனா மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் மீன்கறி. வினோஜ் தானாகவே அடுக்களைக்கு வந்தான்.

"மைனி, அவ பறக்கவே வேண்டாம். கோயில் மணியடிச்சாலே மதி, அது போதும்."

இந்த ஊரில் நேரங்கெட்ட நேரத்தில் மணி அடித்தால், கடலுக்குப் போன வள்ளம் திரும்பவில்லை என்று அர்த்தம். குளிக்கிறவனும் சோப்பு நுரையோடு கரைக்கு ஓடுவான். தேடப் போகிற வள்ளத்தைத் தள்ள ஆள் வேண்டுமல்லவா?

"ஏசுஅடிமையும் ஓடி வருவான். பாறையில எதுக்கு ஏறுனோம்னே மறந்துரும். வந்து மொத ஆளா வள்ளத்தைத் தள்ளுவான், பாருங்க."

பிரீனா கிழங்கைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். வினோஜும் சிரித்தான். அவன் சிரித்துக் கேட்டு எத்தனை காலம்! அவளுக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது. கையைத் துடைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து எழுதினாள்.

"ஊரே கரையில். எண்ணிப் பார்த்தால் எல்லா வள்ளமும் மணலில்தான் கிடக்கிறது. வள்ளத்தைத் தள்ளிக்கொண்டே ஏசுஅடிமை மூச்சுவாங்கக் கேட்கிறான்: 'ஆருடே காணல்ல?' ரீத்தா சொல்கிறாள் —"

(என்ன சொல்கிறாள்? அத்தனை பேர் நடுவில் "நீதான்" என்றால் அவன் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பான்? பொய் சொல்லிச் சமாளித்தால், பொய்க்கு இறங்கி வந்தவன் நாளைக்குத் திரும்ப ஏறமாட்டானா?)

"சொல்லுங்க மைனி. அவ என்ன சொல்லுவா?"

வினோஜ் இப்போது சிரிக்கவில்லை. கிழங்குத் தோலைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தான். அவன் ஏசுஅடிமைக்காகக் கேட்கவில்லை என்று பிரீனாவுக்குப் பட்டது.

5

கேட்டால் இல்லாத நினைப்பைக் கிளப்பிவிடுவோமோ என்று எல்லாருக்கும் உள்ள பயம் அவளுக்கும் இருந்தது. (அப்படியெல்லாம் ஆகாது, கேட்பதுதான் நல்லது என்று பின்னால் டாக்டர் சொன்னார். அன்றைக்கு அவளுக்கு அது தெரியாது.)

"மக்கா, ஏசுஅடிமையை விடு. உனக்குச் சாவணும்னு தோணியிருக்கா?"

 வினோஜ் கையிலிருந்த கிழங்குத் தோலைக் கீழே வைத்தான்.

"தோணியிருக்கு மைனி. இப்பமும் சில நாளு வரும்."

"எனக்குப் பயமா இருக்கு மக்கா. ஆனா நான் இங்ஙனதான் இருக்கேன். நீ சொல்லு."

"அடுப்புல கறி கெடக்கு."

"கெடக்கட்டும்."

அவன் சொன்னான், அவள் கேட்டாள். கறி அடிப்பிடித்துப் போனது. சாயங்காலம் அண்ணனிடம் வினோஜே சொன்னான், பிரீனா பக்கத்தில் இருந்தாள். அண்ணன் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். மறுநாள் மூன்று பேரும் நாகர்கோவில் பஸ் ஏறி டாக்டரைப் பார்த்தார்கள். இப்போதும் போய்வருகிறார்கள்.

[வினோஜின் குறிப்பு: இந்தப் பகுதியை அச்சில் போட நான் சம்மதித்தேன். அந்தக் கறியைத் தின்னச் சம்மதிக்கவில்லை.]

6

மலர்க் கமிட்டிக்காரர்கள் முடிவு எங்கே என்று கேட்கிறார்கள். ரீத்தாவுக்கும் ஏசுஅடிமைக்கும் கல்யாணம் செய்துவைக்கலாமே என்று அவர்களில் ஒருவர் யோசனை சொன்னார். (அவர் தரகர்.) ஏசுஅடிமைக்கும் பறக்கும் சக்தி வந்துவிடுவதாகப் பிரீனா ஒரு முடிவு எழுதிப் பார்த்தாள். இறக்கை முளைத்தால் மனப்பாரம் குறையுமா என்று வினோஜ் கேட்டான். கிழித்துவிட்டாள்.

முடிவே கிடையாது என்று சொல்லிவிட்டாள் பிரீனா. இத்தனை பாடுபட்டதே ஒரு முடிவு வந்துவிடக்கூடாது என்றுதான். அதை அவளே எழுதுவாளா?

கடைசிக் கட்டத்தில் ஏசுஅடிமை மணலில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் ஓராள் இருக்கும் அளவுக்கு இடம் வெள்ளையாகக் கிடக்கிறது. அங்கே வரைவது உங்கள் பொறுப்பு. ரீத்தா வேண்டாம், அவளுக்குச் சந்தைக்கு நேரமாகிறது. கோணல்மாணலாக வரைந்தாலும் பரவாயில்லை. ஆனால் ஒன்று, அவன் வாயைத் திறக்க நேரமாகும். அதற்குள் எழுந்து போய்விடாத ஆளாகப் பார்த்து வரையுங்கள்.