எல்லாரும் சும்மா இருக்கிற நாள்

சென்னையிலிருந்து அனுமதி வந்த அன்று சாயங்காலமே அப்பாவிடமிருந்தும் போன் வந்தது. இரண்டும் ஒரே தேதியைச் சொல்லின.

"பாப்பா, நாள் வச்சாச்சு. மாசி பத்து. திருக்கடையூர்ல போய்ச் சொல்லிட்டே வந்துட்டேன்," என்றார் இராஜாங்கம். அறுபது வயதாகி, ஒருவழியாகத் தன் மனைவிக்கு மணையில் உட்கார்ந்து தாலி கட்டச் சம்மதித்துவிட்ட மனிதரின் பெருமை குரலில் வழிந்தது.

சுடர்விழி மேசை மேல் கிடந்த அனுமதித் தாளைப் பார்த்தாள். அதிலும் மாசி பத்துதான்.

"நல்லா யோசிச்சுதான் வச்சேன். சம்பா அறுப்பு முடிஞ்சிருக்கும். ஆத்துல தண்ணி நிறுத்தியிருப்பான். முகூர்த்தம் கிடையாது, வேன் கிடைக்கும், சமையக்காரன் கிடைப்பான். எல்லாரும் சும்மா இருக்கிற நாளு."

அவருக்கு நட்சத்திரம் எதுவென்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் குத்துமதிப்பாகப் போட்டுவிட்ட பிறந்த தேதிதான். மாசி என்று மட்டும்தான் தெரியும், அதனால் மாசியில் எந்த நாளும் அவருக்குப் பிறந்த நாளாகிவிடும். அத்தனை நாளிலும் இதைத்தானா பிடிக்க வேண்டும்?

பிடித்ததில் ஆச்சரியமும் இல்லை. அவர் சொன்ன காரணங்களையேதான் அவளும் சென்னைக்கு எழுதியிருந்தாள். அறுவடை முடிந்து பம்ப் செட்டுகள் ஓய்ந்திருக்கும். முகூர்த்தம் இல்லாததால் கல்யாண மண்டபங்களில் ஏசி ஓடாது. மின்தேவை அடிமட்டத்தில் இருக்கும். டெல்டாவில் மின்சாரத்தை ஒரு நாள் நிறுத்தி வேலை பார்க்க வேண்டுமென்றால் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் முடியாது. கல்யாண நாட்களை எல்லாம் சிவப்பு மையால் அடித்துவிட்டு மிச்சத்தில் ஒன்றைப் பொறுக்கியிருந்தாள். கல்யாணம் இல்லாத நாளில் அம்மாவின் கல்யாணம் வந்து உட்காரும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. வேறொரு நேரமாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"சரிப்பா, வீட்டுக்குப் போய்ப் பேசுறேன்," என்று வைத்துவிட்டாள்.

கரண்ட் ஆபீஸ் வேலை என்றால் உறவுக்காரர்கள் பியூஸ் போடுகிற வேலை என்றே நினைத்தார்கள். அவளுடையது அதற்கு மேலே, மாநிலம் முழுக்க உயர்ந்த கோபுரங்களில் ஓடுகிற பெரிய லைன்களின் வேலை. நெய்வேலியிலிருந்தும் தெற்கேயுள்ள காற்றாலைகளிலிருந்தும் வருகிற மின்சாரம் எந்த வழியாக எந்த ஊருக்கு இறங்க வேண்டும், ஐந்து வருடம் கழித்து அந்த ஊருக்கு எவ்வளவு தேவைப்படும் என்று இன்றைக்கே சொல்ல வேண்டும். குடவாசல் பக்கத்து சப்-ஸ்டேஷனுக்கு இன்னொரு பெரிய டிரான்ஸ்பார்மர் வேண்டும் என்று அவள் முதன்முதலில் எழுதியபோது மகள் குந்தவை வயிற்றில் இருந்தாள். குந்தவை இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். டிரான்ஸ்பார்மர் இப்போதுதான் வந்து இறங்கியிருக்கிறது. அதை இணைக்க ஒரு முழு நாள் சப்-ஸ்டேஷனின் ஒரு பாதியை அணைத்து வைக்க வேண்டும். அந்த ஒரு நாள்தான் மாசி பத்து.

மறுநாள் சென்னையில் இருக்கும் பூர்ணிமாவைக் கூப்பிட்டாள். மாநிலத்து மின்சாரத்தை எல்லாம் இருபத்துநாலு மணி நேரமும் பங்கிட்டுவிடுகிற இடத்தில் இருப்பவள். நேரில் பார்த்ததில்லை, குரல்தான் பழக்கம்.

"கேன்சல் பண்ணணும்னா பண்ணிடறேன் சுடர். ஆனா மறுபடி எப்பக் குடுப்பேன்? பங்குனி வந்தா கோடை லோடு ஏறிரும். அப்புறம் காத்து சீசன், அந்த லைனைத் தொட விடமாட்டாங்க. அப்புறம் உங்க குறுவை. அப்புறம் மழை. அடுத்த மாசிதான்."

"நீங்களும் தமிழ் மாசம் சொல்ல ஆரம்பிச்சிட்டீங்க."

"உங்ககூடப் பேசிப் பேசித்தான். சரி, என்ன பண்ணட்டும்?"

போன கோடையில் மின்னழுத்தம் இறங்கி அந்தப் பக்கம் எத்தனையோ மோட்டார்கள் புகைந்தன. அதில் ஒன்று அப்பாவுடையது. ஊருக்கே கூலிக்கு நட்ட மனிதர், சொந்தமாக வாங்கிய நிலத்தில் போட்ட பருத்தி கண்ணெதிரே காய்ந்ததைப் பார்த்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருந்தார். இன்னொரு கோடையை அப்படி விட அவளுக்கு மனசு வரவில்லை.

"அதே நாளே இருக்கட்டும் பூர்ணிமா," என்றாள்.

கணவன் அறிவுச்செல்வன் அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். ஒரத்தநாட்டில் பள்ளி ஆசிரியர். வகுப்பில் கேட்பது மாதிரியேதான் வீட்டிலும் கேட்பான். "வேற ஆளே இல்லையா?"

"கூட வேலை பாக்குற அனீஸா பிரசவ லீவுல இருக்கா. திருச்சியிலேருந்து ஆள் வரும். ஆனா கனெக்‌ஷன் எல்லாம் நான் போட்டது. மொதல் தடவை கரண்ட் ஏத்தறப்ப ஏதாவது ஆனா, வந்தவர் என்னைத்தான் தேடுவார்."

"அஞ்சு வருஷம் கழிச்சு குடவாசல்ல எத்தனை ஏசி ஓடும்னு உனக்குத் தெரியும். அடுத்த மாசம் உங்கம்மாவுக்குக் கல்யாணம்னு தெரியல."

"ஆமா. குத்துங்க."

அவன் குத்தவில்லை. அவள் தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தான். "அத்தைகிட்ட நீயே சொல்லிடு. நான் சொன்னா நல்லாருக்காது," என்றான் உள்ளேயிருந்து.

அம்மா ரெங்கம்மாளுக்கும் இராஜாங்கத்துக்கும் நடந்தது கல்யாணம் என்று சொல்லத்தக்கது அல்ல. விவசாயத் தொழிலாளர் சங்க அலுவலகத்தில் ஆளுக்கொரு மாலை, ஒரு டீ. மறுநாள் இருவரும் அறுப்புக்குப் போய்விட்டார்கள். மணையில் உட்கார வேண்டும், மக்கள் மனுசர் கலசத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதை வீட்டில் எல்லோரும் கேலிதான் செய்தார்கள்.

"நான் கேட்டப்பல்லாம் ஒங்கப்பா அறுப்பு முடியட்டும்னாரு," என்றாள் ரெங்கம்மாள் போனில். "அப்புறம் போராட்டம் முடியட்டும்னாரு. அப்புறம் பாப்பா படிப்பு முடியட்டும்னாரு. இப்ப நீ கரண்டு முடியட்டும்ங்கிற. தள்ளி வைன்னு மட்டும் சொல்லாதடி."

"தள்ளி வைக்கச் சொல்லலம்மா. நடத்துங்க. நான்தான் வரமுடியாது."

எதிர்முனையில் கோழி ஒன்று கத்துவது கேட்டது.

"பெத்தது ஒன்னே ஒன்னு," என்றாள் ரெங்கம்மாள். அதோடு போன் அணைந்துவிட்டது.

மாசி பத்து விடிந்தபோது அறிவுச்செல்வன் மகளோடும் மாமியார் வீட்டாரோடும் திருக்கடையூரில் இருந்தான். சுடர்விழி சப்-ஸ்டேஷனில், பூர்ணிமாவின் குரலுக்கு ஏற்ப சுவிட்சுகளைத் திறந்து லைன்களை அணைக்க வைத்துக்கொண்டிருந்தாள். குடவாசலுக்கான மின்சாரம் தஞ்சாவூர் வழியாகவும் திருவாரூர் வழியாகவும் சுற்றி வரத் தொடங்கியது. அணைத்த கம்பிகளில் எர்த் ராடுகளை மாட்டினார்கள். எங்கிருந்தாவது தப்பித்தவறி மின்சாரம் வந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் நீளக் கம்புகள் அவை. அதன் பிறகுதான் ஆட்கள் மேலே ஏறினார்கள்.

டிரான்ஸ்பார்மர்கள் நிற்கும் யார்டுக்குள் போனைக் கொண்டுபோகக் கூடாது. சாப்பாட்டு வேளையில் கட்டுப்பாட்டு அறைக்கு வந்து எடுத்துப் பார்த்தபோது, எடுக்காமல் போன வீடியோ அழைப்புகளுக்குக் கீழே ஒரு படம் இருந்தது. அரக்குப் பட்டில் அம்மா. பக்கத்தில் அப்பா, மாலைக்குள் தலையை ஒளித்துக்கொண்டு. தாலி கட்டி முடிந்திருந்தது. சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே அவள் யார்டுக்குத் திரும்பினாள்.

வேலை முடிந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. ஆட்கள் இறங்கினார்கள். எர்த் ராடுகளைக் கழற்றி அடுக்கினார்கள். ஒன்று குறைந்தது.

"யார்டுல இல்ல மேடம், நல்லாப் பாத்துட்டேன்," என்றான் மேஸ்திரி ஃபாஜில். "வெளிய எங்கயாவது கிடக்கும். கரண்ட் ஏத்திருவோம், பயலுங்க ஓய்ஞ்சு போயிட்டானுவ."

"எங்க இருக்குன்னு தெரியிற வரைக்கும் அது கம்பியிலதான் இருக்கு, ஃபாஜில். அப்படியே கரண்ட் ஏத்தினா வெடிச்சிரும். தேடுங்க."

தேடினார்கள். கட்டுப்பாட்டு அறைப் போனில் பூர்ணிமா இரண்டு முறை கேட்டுவிட்டாள்: சாயங்கால விளக்கு லோடு ஏறப்போகிறது, என்ன செய்கிறீர்கள்? வாட்ச்மேன் வந்து, "மேடம், ஒங்க வீட்டு ஆளுங்க வேன்ல வந்து வாசல்ல இறங்கியிருக்காங்க," என்றார். "இருக்கச் சொல்லுங்க," என்று அவள் கேபிள் குழிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். இடுப்பு விட்டுப் போயிற்று. நிமிர்ந்து கேட் பக்கம் பார்த்தபோதுதான் கண்ணில் பட்டது.

கேட்டுக்கு வெளியே, ஆட்கள் சாப்பிட நிழலுக்குக் கட்டியிருந்த தார்ப்பாய்க்கடியில் உறவு முழுக்க உட்கார்ந்திருந்தது. நடுவில் அரக்குப் பட்டு. தார்ப்பாயைத் தாங்கி நின்ற கம்பில் ரெங்கம்மாள் சாய்ந்திருந்தாள். கம்பின் கொக்கியிலிருந்து செம்புக் கம்பி தொங்கியது. காணாமல் போன ராடு அதுதான்.

சுடர்விழி ஓடினாள். "அம்மா, எந்திரி. அந்தக் கம்ப வுடு!"

ரெங்கம்மாள் அசையவில்லை. "கல்யாணப் பொண்ணுகிட்ட பேசுற மொதப் பேச்சப் பாரு," என்றாள் தன் நாத்தனாரிடம்.

"வேல இன்னும் முடியல போலருக்கு அத்தை, எந்திரிங்க," என்று அறிவுச்செல்வன் கையைக் கொடுத்து எழுப்பினான். தார்ப்பாய் எல்லோர் தலையிலும் சரிந்தது. ஃபாஜில் யார் முகத்தையும் பார்க்காமல் ராடைத் தூக்கிக்கொண்டு நடந்தான். சுடர்விழியும் அவன் பின்னால் போனாள்.

பூர்ணிமா சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல, சுவிட்சுகள் ஒவ்வொன்றாக மூட, மின்சாரம் ஏறியது. புது டிரான்ஸ்பார்மர் ஒரு உறுமல் உறுமிவிட்டு, பிறகு சீராக முனகத் தொடங்கியது. யாரும் கை தட்டவில்லை. ஆட்கள் அங்கங்கே ஜல்லியில் உட்கார்ந்தார்கள். அவள் கட்டுப்பாட்டு அறையில் போனைக் காதில் வைத்தபடியே நின்றாள்.

"நல்லா இருக்கு சுடர். வீட்டுக்குப் போங்க."

வெளியே வந்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். வேன் போகவில்லை. ரெங்கம்மாள் வேன் படியில் உட்கார்ந்திருந்தாள், மடியில் ஒரு தண்ணீர் பாட்டில்.

"எல்லாரும் ஊத்தினாங்க. ஒம்பங்கு கலசத் தண்ணி, அய்யர்கிட்ட சண்ட போட்டு வாங்கியாந்தேன். பாட்டில்ல தரமாட்டாராம்," என்றாள். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது.

இராஜாங்கம் வந்து பக்கத்தில் நின்றார். சுடர்விழி பாட்டிலைத் திறந்தாள். இரண்டு தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள்.

"பட்டு நனையுது, மெதுவாடி," என்றாள் ரெங்கம்மாள். பிறகு புடவைத் தலைப்பால் மகளின் முகத்தை அழுத்தித் துடைத்தாள். கரியும் வேர்வையும் பட்டில் ஒட்டின. அதை அவள் பார்க்கவே இல்லை.

"இந்தக் கோடைக்கு மோட்டார் ஓடுமா பாப்பா?" என்று கேட்டார் இராஜாங்கம், தலையை உதறிக்கொண்டு.

"ஓடும்ப்பா."

"எழுவதாங் கல்யாணத்த இப்பவே அந்த மெட்ராஸ்காரிகிட்ட சொல்லி வை," என்றாள் ரெங்கம்மாள். "பத்து வருசம் இருக்கு. ஒங்க கணக்குல சேத்துக்கச் சொல்லு."

வேனில் ஏறி அம்மாவின் ஈரத் தோளில் சாய்ந்த சுடர்விழி, குடவாசல் வருவதற்குள் தூங்கிப்போயிருந்தாள்.