பந்தக்கால் நட்ட பிறகு

திருமலை அடிவாரத்து அலிபிரியில் மலைப்பாதை தொடங்கும் முன்பே உமாபதி காரை ஓரம் கட்டினான். இறங்கிச் சாவியை பானெட் மேல் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். பதினோரு வருடமாக என் அம்பாசடரை ஓட்டுகிறவன். பின் ஸீட்டில் என் மகள் தாட்சாயணியும், அவளுக்கு மாமியாராகப் போகும் கமலம்மாவும் இருந்தார்கள். மறுநாள் காலை மலைமேல் முகூர்த்தம்.

விஷயம் எனக்குத் தெரியும். மூன்று நாளைக்கு முன் நகரியில், என் தறிக்கொட்டகை வாசலில் வைத்தே சொல்லியிருந்தான். சக்கரங்களுக்கு பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய்கள் ஒன்பது வருடப் பழசு. வளைத்துப் பார்த்தால் நூல் நூலாக வெடிப்பு. இன்னும் ஒழுகவில்லை; ஒழுகுவதற்கு முன் மாற்றிவிட வேண்டும். மலை இறங்கும்போது ஒன்று பிய்த்துக்கொண்டாலும் பிரேக் மிதி தரையில் போய் உட்கார்ந்துவிடும். வாசலிலேயே அரை நாளில் முடித்துவிடுகிறேன் என்றான்.

நான் மறுத்தேன். பந்தக்கால் நட்ட பிறகு எங்கள் வீட்டில் எதையும் பிரிப்பதில்லை. தறியில் ஒரு கட்டைகூடக் கழற்ற மாட்டோம். என் அப்பா காலத்திலிருந்து அப்படித்தான். அதை மட்டும் சொல்லி நிறுத்தினால் பொய்யாகும். சம்பந்தி வீட்டார் அன்றே திருப்பதியிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார்கள். பெண்ணை ஏற்றிப் போகும் வண்டி சக்கரமில்லாமல் ஜாக்கி மேல் நிற்பதை அவர்கள் பார்ப்பதா?

"ஏறிடும் மொதலாளி. எறங்கறதுதான்," என்றான் உமாபதி இப்போது, அலிபிரியில். "பொண்ண ஒக்கார வச்சிக்கினு என்னால ஆவாது. பஸ்ஸுல போவலாம்."

எங்கள் குடும்பத்தில் எந்தப் பெண்ணும் பஸ்ஸில் ஏறி முகூர்த்தத்துக்குப் போனதில்லை. அவனை அறைந்திருப்பேன். அதற்குள் கமலம்மா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"என்னா சம்பந்தி, ஒங்க வண்டிய ஒங்க ட்ரைவரே நம்ப மாட்டேங்கறாரு. நாங்க பொண்ண நம்பலாமா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தச் சிரிப்பு திருப்பதி முழுக்கச் சுற்றும் என்று எனக்குத் தெரியும். சாவியை எடுத்துக்கொண்டு நானே ஸ்டியரிங்கின் முன் உட்கார்ந்தேன். உமாபதி தடுக்கவில்லை, ஒதுங்கி நின்றான். கமலம்மா செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, பஸ்ஸில் காற்று நன்றாக வரும் என்று சொல்லி இறங்கிவிட்டாள்.

தாட்சாயணியும் இறங்கினாள். அவளும் அவர்கள் பக்கம் போய்விடுவாள் என்று நினைத்தேன். உள்ளுக்குள் அதையே வேண்டிக்கொண்டேனோ என்னவோ. அவள் முன்கதவைத் திறந்து, பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"ஓட்டு நைனா. நீ ஓட்டினா நான் வர்றேன்."

அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மலைப்பாதையைப் பார்த்தபடி, கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். மருதாணி நன்றாகச் சிவந்திருந்தது.

வண்டியைக் கிளப்பிச் சாலைக்குத் திருப்பினேன். பத்தடி போனதும் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். என்றும் போலக் கெட்டியாகவே இருந்தது, வண்டி நின்றது. பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அடுத்து ஒரு லாரி. தாட்சாயணி திரும்பவில்லை.

என் கால் பிரேக்கை விட்டு எழவில்லை.